மூன்று தளம், ஒரு துரோகி

9

விசாரணை நாலு மணிக்கு. அண்ணியின் கைக்கடிகாரத்தில் பதினொன்று பத்து. என்னுடையதில் பதினொன்று இருபது. என் கடிகாரத்தை நான் நம்புவதில்லை. வாங்கிக் கொடுத்தவர் மாமனார்.

பட்டறையில் நான்கு நாற்காலிகள் இருந்தன. நான்கிலும் லிஃப்ட் கதவு மோட்டார்கள் உட்கார்ந்திருந்தன. நாங்கள் நின்றோம்.

"தாளைக் காட்டுங்க," என்றார் அண்ணி.

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. இருபது வருஷம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதினார். பொய் சொல்கிறவன் எந்த இடத்தில் மூச்சு வாங்குவான் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் அண்ணன் வீட்டில் அதிகம் பேசுவதில்லை. இப்போது அண்ணி துப்பறிகிறார். நான் வண்டி ஓட்டுகிறேன்.

தாளைக் கொடுத்த பெண்ணை எல்லோரும் அட்மின் என்றுதான் கூப்பிட்டார்கள். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். முழங்கால் போன பிறகு ஏறுவதை விட்டுவிட்டு, மோட்டார்களைக் கீழே வரவழைத்துப் பழுது பார்க்கிறார். மீதி நேரத்தில் 'இயந்திர அறை' என்ற இணைய மன்றத்தை நடத்துகிறார். லிஃப்ட் மெக்கானிக்குகள் சந்தேகம் கேட்கவும் சண்டை போடவும் கூடும் இடம். பதினோரு வருஷமாக நடக்கிறது.

கதவோரம் அவருடைய தம்பி, துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தார். அவரும் மெக்கானிக், ஒரு லிஃப்ட் கம்பெனியில். கம்பெனி விஷயத்தை வெளியே எழுதியதாக அவர் மேல்தான் விசாரணை. மன்றத்தில் அவர் பெயர் கிரீஸ். கை ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

தாள் ஒரு நகல். ஒரு ஆஸ்பத்திரியின் இரண்டு லிஃப்ட்களில் பிரேக் லைனிங் தேய்ந்துவிட்டது, மாற்றியதாகப் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள், மாற்றவில்லை. இவ்வளவுதான் விஷயம். கூடவே ஒரு படம். மேலே எழுதியவர் பெயர்: கிரீஸ்.

"கம்பெனிக்கு எப்படிக் கிடைச்சுது?"

"சர்வீஸ் மேனேஜர் கொடுத்திருக்கார்," என்றார் அட்மின். "அவர் ரூம் கதவுக்கு அடியில யாரோ போட்டுட்டுப் போனாங்களாம்."

"எழுதினது நீங்களா?"

"நான்தான்," என்றார் கிரீஸ். "ஆனா கிரீஸ்ங்கற பேர்ல எழுதலை. மௌனிங்கற பேர்ல எழுதினேன். எட்டு மாசம் ஆச்சு."

அட்மின் குறுக்கிட்டார். "மன்றத்துல இருட்டறைன்னு ஒரு பகுதி இருக்கு. ஆள் தெரியாம எழுதறதுக்குன்னே வெச்சது. அங்க எழுதறவங்க யாருன்னு நான் பார்க்க மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன். மௌனி இவன்தான்னு எனக்கே நேத்து இவன் வாயால கேட்டுத்தான் தெரியும்."

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா?" என்று கேட்டேன்.

"அறைஞ்சிருப்பேன். வெளியே சொல்லியிருக்க மாட்டேன்."

"இன்னைக்கு நிரூபிச்சுட்டா?"

"வேலை போகும். லைசென்ஸ் போகும். அப்புறம் இவன் லிஃப்ட்ல ஏறலாம், இறங்கலாம். தொட முடியாது."

அண்ணி தாளை ஜன்னல் பக்கம் திருப்பினார். "மேலேயும் கீழேயும் ஒரு நிழல் கோடு இருக்கு. கோணலா. நகல் எடுக்கறதுக்கு முன்னாடி கத்தரியால வெட்டியிருக்காங்க." பிறகு, "மௌனி யாருன்னு யாரால கண்டுபிடிக்க முடியும்?"

"மன்றத்தோட டேட்டாபேஸ் முழுசா கையில இருந்தா முடியும். மூணு பேர் கையில இருக்கு. நான்தான் கொடுத்தேன்."

கதை இதுதான். மன்றம் இதுவரை ஒரு கம்பெனியின் சர்வரில் வாடகைக்கு இருந்தது. அந்தக் கம்பெனி மாதக் கடைசியில் கடையை மூடுகிறது. இனி வாடகை வேண்டாம், சொந்த சர்வர், அதில் யாரும் பூட்டிவிட்டுப் போக முடியாத திறந்த மூல மென்பொருள் என்று முடிவு செய்தார்கள். எந்த மென்பொருள் என்பதில்தான் முடிவு வரவில்லை. மூன்று பேர் மூன்றைச் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு பிரதி வாங்கிக்கொண்டு போய் ஆளுக்கு ஒரு சோதனைத் தளம் போட்டார்கள். சனிக்கிழமை ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இயந்திர அறைக்காரர்கள் எதையும் பட்டப்பெயர் வைக்காமல் விடுவதில்லை. மூன்று மென்பொருளுக்கும் வைத்திருந்தார்கள். கிழவன், பட்டாம்பூச்சி, யானை.

"மூணு பேர்ல ஒருத்தர் துரோகி," என்றார் அட்மின். "மூணு பேருமே என் கையால சாப்பிட்டவங்க."

"அது காரணமா இருக்காதே?" என்றேன்.

"கொழுந்தனாரே," என்றார் அண்ணி, "வண்டியை எடுங்க."

முதல் ஆளை வண்டியிலிருந்தே முடித்தார். உதிரி பாகக் கடை வைத்திருப்பவர். வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் சித்தப்பா. பட்டாம்பூச்சி அவருடையது. போனை ஒலிபெருக்கியில் போட்டார் அண்ணி.

"சித்தப்பா, பட்டாம்பூச்சி எப்படி இருக்கு?"

"பறக்குதும்மா! என் ஓட்டை சர்வர்லயே பறக்குது. போன்ல தொட்டா வழுக்கிக்கிட்டுப் போகுது. பார்க்கவே அழகு."

"படமெல்லாம் வருதா?"

"படத்துக்குத் தனியா ஒரு இணைப்பு போடணும். தேடறதுக்குத் தனி. மெயிலுக்குத் தனி. ஒண்ணைப் போட்டா இன்னொண்ணு படுத்துக்குது."

"இதுவரைக்கும் எத்தனை படம் ஏறிச்சு?"

"ஒண்ணு."

"எது?"

"என்னுது."

அண்ணி போனை வைத்தார். தாளில் இருந்தது பிரேக் லைனிங்கின் படம். சித்தப்பா குரல் கரகரப்புதான், ஆனால் அந்த அளவு தேய்ந்தவர் அல்ல.

பன்னிரண்டு இருபதுக்குப் பயிற்சிக் கூடத்தில் இருந்தோம். கூடத்தின் நடுவில் சுவரில்லாத ஒரு லிஃப்ட். இரண்டு மாடி உயரம். எங்கும் போகாது. இரண்டாவது ஆளான வாத்தியார் அதற்குள் நின்று மாணவர்களுக்கு வயரைக் காட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மேலே போனார், கீழே வந்தார், வெளியே வந்தார்.

"கிழவனைப் பார்க்கணுமா? வாங்க."

அறையில் பழைய கணினி. திரையில் அதைவிடப் பழைய தோற்றம். சாம்பல் கட்டங்கள், நீல எழுத்து, கீழே பக்க எண்கள்.

"இருபது வருஷ மென்பொருள். எந்தக் குப்பை சர்வர்லயும் ஓடும். பிரதி எடுக்கறது ஒரே கட்டளை. லட்சணம்தான் கிடையாது."

"உங்களுக்குப் பிடிச்சதுல ஆச்சரியமில்லை," என்றேன்.

"என்னை மாதிரின்னு சொல்றீங்க. சரிதான். ஆனா இதுவரைக்கும் நானும் விழுந்ததில்லை, அதுவும் விழுந்ததில்லை."

அண்ணி இருட்டறையைத் திறக்கச் சொன்னார். தாளில் இருந்த உரையாடல் இழை அங்கே இருந்தது. 'மூணாம் மாடி' என்று பெயர் வைத்துக்கொண்ட யாரோ தொடங்கியது. அண்ணி மெதுவாகப் படித்தார்.

என் கையெழுத்தில் ஓடும் லிஃப்டில் பிரேக் தேய்ந்திருக்கிறது. மேலே சொன்னேன். மாற்றியதாக எழுதச் சொல்கிறார்கள். எழுதிவிட்டேன். தூக்கம் வரவில்லை. என்ன செய்யலாம்?

கீழே மௌனியின் பதில்கள். ஆறு. படம் எடுத்து வையுங்கள். தேதி போடுங்கள். எழுத்தில் கேளுங்கள். நீங்கள் தனி ஆள் இல்லை, நான் பார்க்கிற ஆஸ்பத்திரி லிஃப்டிலும் இதே கதைதான். கூடவே படம். கடைசிப் பதிலில் ஒரே வரி: சாப்பிட்டுவிட்டுப் படுங்கள்.

பெயர் எல்லாவற்றிலும் மௌனி. சரியாகத்தான் இருந்தது.

வாத்தியார் எங்கள் தாளை வாங்கிப் பார்த்தார். "இதுல பக்க எண் இல்ல. 'தொடர்ந்து படிக்க'ன்னு ஒரு பொத்தான் பாதி தெரியுது பாருங்க. இது யானையோட பொத்தான். யானை மைனாவோடது." தாளைத் திருப்பிக் கொடுத்தார். "ஆனா மைனாவா இருக்காது."

"ஏன்?"

"என் மாணவி."

"அவங்களுக்கும் கிரீஸுக்கும் ஏதாவது?"

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்தார். "ஆறு மாசமா பேசறதில்லை. யானையா, கிழவனாங்கற சண்டை. அறுநூறு பதிவு போச்சு. 'யானைக்குத் தீனி போட எட்டு ஜிபி மெமரி வேணும், அதுக்கு உங்கப்பாவா கட்டிக்கொடுப்பார்'னு இவன் எழுதினான். அவ 'உன் கிழவனைத் தூக்கிட்டுப் போக நாலு பேர் வரட்டும்'னு எழுதினா."

அண்ணி கிளம்பும்போது திரையின் அடியைப் பார்த்தார். உறுப்பினர்கள்: 4,112. குறித்துக்கொள்ளவில்லை. அண்ணி குறித்துக்கொள்ளாத எண்களுக்குத்தான் நான் பயப்படுவேன்.

மைனா லிஃப்டின் கட்டுப்பாட்டுப் பலகைகளுக்கு நிரல் எழுதுகிற பெண். பட்டறை முழுக்கப் பொத்தான்கள். மேலே, கீழே, திற, மூடு. யாரும் அழுத்தாமலே எரிந்து அணைந்துகொண்டிருந்தன. மணி ஒன்று நாற்பது. வழியில் ஒரு பாலம் மூடியிருந்ததில் அரை மணி போயிருந்தது.

அண்ணி தாளை அவள் முன்னால் வைத்தார். அவள் படித்தாள். முகம் சிவந்தது.

"நான்னு நினைக்கிறீங்களா?"

"பொத்தான் உன்னுது."

"நான் அவனோட பேசறதில்லை. அதுக்காக அவன் வேலையைப் பிடுங்குவேனா? அப்புறம் நான் யாரோட சண்டை போடறது?"

மடிக்கணினியைத் திறந்தாள். யானை நிஜமாகவே அழகாக இருந்தது. பக்கமே முடியாமல் கீழே கீழே போனது. இருட்டறைக்குப் போனாள். மூணாம் மாடியின் இழையைத் திறந்தாள். விரல் நின்றது.

ஆறு பதிலிலும் பெயர் கிரீஸ்.

"நான் மாத்தலை," என்றாள். குரல் கீழே இறங்கியிருந்தது. "அண்ணி, சத்தியமா நான் மாத்தலை."

"உன் யானையில எத்தனை உறுப்பினர்?"

"ஏன்?"

"சொல்லும்மா."

"நாலாயிரத்து அறுபத்தொன்பது."

"கிழவன்ல நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டு. ரெண்டும் ஒரே பிரதிதானே? நாற்பத்திமூணு பேர் காணோம். ஒருத்தரும் தேடலை."

"போலிக் கணக்கு ஏதாவது கழிஞ்சிருக்கும்னு..." மைனா முடிக்கவில்லை. தரவை இறக்கியபோது யானை எழுதி வைத்த குறிப்பைத் திறந்தாள். ஆயிரக்கணக்கான வரிகள். தேடினாள். ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. மெயில் முகவரி ஏற்கெனவே உள்ளது, கணக்கு இணைக்கப்பட்டது.

நாற்பத்திமூன்று முறை.

"பழைய மன்றத்துல ஒரே மெயிலை வெச்சு எத்தனை பேர்ல வேணும்னாலும் சேரலாம்," என்றாள். "யானை விடாது. ஒரு மெயிலுக்கு ஒரே ஆள். ரெண்டு இருந்தா ஒண்ணா சேர்த்துடும்."

அண்ணி கிரீஸைப் போனில் பிடித்தார். "மௌனிக்குன்னு தனியா மெயில் திறந்தீங்களா?"

"எதுக்கு? ஒரு பாஸ்வேர்டே எனக்கு ஞாபகம் இருக்கறதில்லை."

மைனா போனைப் பிடுங்கினாள். "முட்டாள்!"

"யாரு பேசறது?" என்றார் கிரீஸ். பிறகு, "ஓ. ஆறு மாசம் கழிச்சு இதுதான் முதல் வார்த்தையா?"

அண்ணி போனை மீட்டார். அட்மினையும் இணைப்பில் வரச் சொன்னார்.

"சரி. பேர் எப்படி மாறிச்சுன்னு தெரிஞ்சுது. வெளியே எப்படிப் போச்சு? சோதனைத் தளத்துக்கு உங்க மூணு பேரைத் தவிர யாருக்கும் பாஸ்வேர்ட் இல்ல. மைனா, உன் யானை மெயில் அனுப்புமா?"

"பிரமாதமா அனுப்பும். அதுக்காகத்தானே நான் யானையே வேணும்னு... திங்கட்கிழமைதான் இணைச்சுப் பார்த்தேன்..."

அவள் எதையோ திறந்தாள். பார்த்தாள். மடிக்கணினியை என் பக்கம் தள்ளினாள், தன்னால் பார்க்க முடியாதது போல. திங்கட்கிழமை, காலை ஆறு மணி. அனுப்பிய மெயில்கள்: 4,069.

"ரொம்ப நாளா எட்டிப் பார்க்காதவங்களுக்கு அதுவா ஒரு தொகுப்பு அனுப்பும்," என்றாள். "நீங்க இல்லாதப்போ நடந்தது இதுன்னு. யானைக்கு எல்லாருமே புதுசு. ஒருத்தருமே வரலைன்னு நினைச்சு எல்லாருக்கும் அனுப்பிடுச்சு. நான் அதை நிறுத்தி வெச்சிருக்கணும்."

"அப்போ துரோகி யானைதான்," என்றேன். "கைது பண்ணணும்னா பெரிய வண்டி வேணும்."

அண்ணி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் ஒரே மெயிலா போகும்?"

"இல்ல. அவங்கவங்க தொடங்கின இழையில என்ன பதில் வந்திருக்குன்னு எடுத்துப் போகும்."

"அப்போ இந்த மெயில்?"

மைனாவுக்கு இரண்டு நொடி பிடித்தது. எனக்கு நாலு.

"இது ஒரே ஒருத்தருக்குத்தான் போயிருக்கும்," என்றாள். "மூணாம் மாடிக்கு. இருங்க, அது யாருன்னு ஒரு நிமிஷத்துல பார்த்துடலாம்..."

"மைனா." போனில் அட்மின். "கையை எடு."

"அக்கா, ரெண்டு மணி ஆகப்போகுது."

"தெரியும்."

"உங்க தம்பிக்கா."

"என் தம்பிதான். மூணாம் மாடியும் என் வாக்கை நம்பித்தான் வந்தான். கையை எடு."

மைனா கையை எடுத்தாள். மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பலகையில் 'கீழே' எரிந்து அணைந்தது.

"பார்க்க வேண்டிய அவசியமே இல்ல," என்றார் அண்ணி. "யானையை அணைச்சுடும்மா. போதும்."

"அணைச்சுடறேன். தப்பு அது மேல இல்ல, என் மேல. யானை நல்ல மென்பொருள்தான்."

"இருக்கட்டும்," என்றார் அட்மின். "சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேணாம். கிழவனைப் போடுவோம்."

"அக்கா, அதைப் பார்க்கவே சகிக்கலையே!"

"நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டு பேரும் அங்க தனித்தனியா இருக்காங்க. எனக்கு அது போதும். அந்த நாற்பத்திமூணு முகவரிக்கும் ஒரு மன்னிப்புக் கடிதம் போகணும். யாரு என்னன்னு நீ பார்க்காமலே அனுப்ப முடியுமா?"

"முடியும்."

"அனுப்பு. அழாதே."

அவள் அழவில்லை. அட்மின் குரல்தான் அப்படி இருந்தது.

வண்டியில் அண்ணி சீட் பெல்ட்டை இரண்டு தடவை போட்டுக் கழற்றினார். முன்னால் ஒரு லாரி நகர மறுத்தது.

"கதவுக்கு அடியில யாரும் எதுவும் போடலை," என்றார். "மெயில் நேரா அவருக்குத்தான் வந்திருக்கு. மேல 'வணக்கம் மூணாம் மாடி'ன்னு இருந்திருக்கும். அதை வெட்டிட்டுக் கொடுத்திருக்கார்."

"சர்வீஸ் மேனேஜரா? சாப்பிட்டுட்டுப் படுங்கன்னு தனக்குச் சொன்ன ஆளையா மாட்டிவிட்டார்?"

"எட்டு மாசமா மௌனியை எங்கேயோ இருக்கற ஆளுன்னு நினைச்சிருப்பார். திங்கட்கிழமை பார்த்தா தனக்குக் கீழ வேலை பார்க்கறவன். ரெண்டு பேரும் பேசினது அதே ஆஸ்பத்திரி லிஃப்ட்களைப் பத்தி. தன்னையும் இவனுக்குத் தெரிஞ்சிருக்கும்னு பயந்துட்டார். இவன் போயிட்டா நிம்மதின்னு நினைச்சிருப்பார்."

"பயந்தவங்க இவ்வளவு வேலை பார்ப்பாங்களா?"

"பயந்தவங்கதான் பார்ப்பாங்க. ஹாரன் அடிங்க."

அடித்தேன். லாரி நகர்ந்தது.

நிறுவனம் ஐந்தாவது மாடியில். அவர்களே தயாரித்த லிஃப்ட் கதவைத் திறந்து காத்திருந்தது. நாங்கள் படியில் ஏறினோம்.

விசாரணை அறையில் நீளமான மேஜை. அந்தப் பக்கம் விசாரணைத் தலைவர், நடுவயதுப் பெண், முன்னால் கோப்பு. அவருக்குப் பக்கத்தில் சர்வீஸ் மேனேஜர். இஸ்திரி போட்ட சட்டை, இஸ்திரி போட முடியாத கண்கள். இந்தப் பக்கம் கிரீஸ். துணைக்கு ஒருவர் வரலாம் என்பது விதி. அண்ணி துணை. நான் அண்ணியின் பை.

"இந்தப் பதிவை எழுதினது நீங்கதான்னு நிர்வாகம் சொல்லுது," என்றார் தலைவர். "ஆதாரம் இந்தத் தாள்."

"மூலத்தாள் வேணும்," என்றார் அண்ணி.

"இதேதான்."

"இல்லைங்க. இது நகல். மேலேயும் கீழேயும் வெட்டின அடையாளம் இருக்கு. இது மன்றத்துப் பக்கமே இல்ல, ஒரு மெயில். சோதனைக்கு ஓடின மென்பொருள் தானா அனுப்பினது. அது நாற்பத்திமூணு பேரைத் தப்பான பேர்ல சேர்த்துடுச்சு. குறிப்பு இருக்கு, கொடுக்கறேன். அதனால இதுல இருக்கற பேர் எதையும் நிரூபிக்காது. ஆனா மெயில் யாருக்கு வந்ததோ அவரோட பேர் மேல முதல் வரியில இருக்கும். அதுல தப்பு வர வாய்ப்பில்லை. அந்தத் துண்டு கிடைச்சா, தாள் எங்கேருந்து வந்ததுன்னு தெரிஞ்சுடும்."

அண்ணி யாரையும் பார்க்காமல் பேனாவை மூடினார்.

தலைவர் திரும்பினார். "மேனேஜர்? மூலம் இருக்கா?"

சர்வீஸ் மேனேஜர் எழுந்தார். நாற்காலி பின்னால் நகர்ந்து சுவரில் இடித்தது. பேச வாய் திறந்தார். அண்ணி காத்திருந்த மூச்சு அங்கேதான் வந்தது.

"அந்தத் தாளை நான் திரும்ப வாங்கிக்கறேன்," என்றார்.

"வாங்கிக்கறீங்களா?"

"ஆமா."

தலைவர் அவரைப் பார்த்தார். கோப்பை மூடினார். "அப்போ ஆதாரம் எதுவும் இல்ல. விசாரணை முடிஞ்சுது. நீங்க போகலாம்."

நான் எழுந்தேன். அண்ணி எழுந்தார். கிரீஸ் எழவில்லை.

"எழுதினது நான்தான்," என்றார்.

மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். மெக்கானிக் பூட்ஸ். என் கால்தான் வலித்தது.

"மௌனிங்கறது நான்தான். படம் என் போன்ல தேதியோட இருக்கு. அந்த ரெண்டு லிஃப்ட்டும் இப்போ, நாம பேசிட்டு இருக்கற இந்த நேரத்துலயும் ஆளை ஏத்திட்டுப் போகுது. யாரு எழுதினாங்கன்னு கேட்டீங்க, சொல்லிட்டேன். இனிமே பிரேக்கைப் பத்திக் கேளுங்க."

தலைவரின் கை கோப்பின் மேல் இருந்தது. "இதை நான் பதிவு பண்ணினா உங்க லைசென்ஸ் என்னாகும்னு தெரியுமா?"

"தெரியும்."

"நீங்க ஒருத்தர் சொல்றது போதாது. வேற யாராவது இதைச் சொல்வாங்களா?"

சொல்லக் கிரீஸிடம் பெயர் இல்லை. அண்ணியிடம் இருந்தது. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சர்வீஸ் மேனேஜர் இன்னும் உட்காரவில்லை. மேஜையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டே சுற்றி வந்தார். எங்கள் பக்கம் வந்தார். நான் எழுந்து விட்ட நாற்காலி காலியாக இருந்தது. கிரீஸுக்குப் பக்கத்தில். அதில் உட்கார்ந்தார்.

"பதிவு பண்ணுங்க," என்றார். "முதல்ல கேட்டவன் நான்."